வீட்டு லோனை முன்கூட்டியே அடைக்க: மீதி மாதத்தின் மேல் ஒரு கண்

எங்கள் வீட்டு லோன் 25 லட்சம். 2021 டிசம்பரில் வாங்கியது. 20 வருடத் தவணை, 6.9 சதவீத வட்டி, மாதம் 19,233 ரூபாய். பாளையங்கோட்டையிலிருந்து ரெட்டியார்பட்டி போகும் பக்கம் மூன்றரை சென்ட்டில் சின்ன வீடு. வீட்டுக்காரர் கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நான் வீட்டில் இருந்தபடியே ஆரி வேலை செய்து பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். மூத்தவள் மூன்றாம் வகுப்பு, சின்னவன் எல்.கே.ஜி.

இந்தப் பங்குனிக் கணக்குப்படி அசல் 14 லட்சத்து 94 ஆயிரம் நிற்கிறது, மீதி 68 தவணை. பேசியபடி தவணையை மட்டும் கட்டிவந்திருந்தால் இன்னும் 189 தவணை இருக்கும். நடுவில் சொத்து எதுவும் விற்கவில்லை, லாட்டரியும் விழவில்லை. இந்த இடைவெளி எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். வீட்டில் ஒரே சம்பளமும் கொஞ்சம் பக்க வருமானமும் உள்ள எவருக்கும் இது பொருந்தும்.

முதலில் ஸ்டேட்மென்ட்டைக் கையில் எடுங்கள்

எல்லாரும் பார்ப்பது தவணைத் தொகையைத்தான். ஐந்தாம் தேதி கணக்கில் பணம் இருந்ததா, டியூ போனதா, சரி, அடுத்த வேலை. லோன் ஸ்டேட்மென்ட்டில் வேறு மூன்று எண்களைப் பார்க்க வேண்டும்: வட்டிக்குப் போனது எவ்வளவு, அசலில் கழிந்தது எவ்வளவு, மீதி எத்தனை மாதம்.

எங்களுடைய முதல் தவணை 19,233-ல் வட்டிக்குப் போனது 14,375. அசலில் கழிந்தது 4,858 மட்டும். இதில் வங்கி எந்தத் தந்திரமும் செய்யவில்லை. 25 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி அவ்வளவு, அதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அசலில் கழிக்கிறார்கள். அசல் குறையக் குறைய வட்டியின் பங்கும் குறையும். அதனால் லோனின் முதல் சில வருடங்கள்தான் வங்கிக்கு அறுவடைக் காலம். நாம் உள்ளே புகுந்து வேலை செய்ய வேண்டியதும் அதே வருடங்களில்தான்.

மூன்றாவது எண்ணான மீதி மாதம் எங்களை எங்கே கொண்டுபோய்விட்டது என்று பாருங்கள். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தரும் மிதக்கும் வட்டி (ஏறி இறங்கும் வட்டி) வீட்டுக் கடன்கள் ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு கட்டப்பட்டவை. ரிசர்வ் வங்கி ரெப்போவை ஏற்றினால் மூன்று மாதத்துக்குள் நம் வட்டியும் ஏறும். 2022 மே மாதம் 4 சதவீதத்தில் இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5-க்கு வந்துவிட்டது. எங்கள் வட்டி 2022 அக்டோபரில் 8.8. ஆனால் தவணை அதே 19,233. மாதாமாதம் அதே தொகை போவதால் வீட்டில் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

செயலியைத் திறந்து பார்த்தால் மீதி மாதம் 381 என்று நிற்கிறது. ஒன்பது தவணை கட்டி முடித்த 240 மாத லோனில் 231 இருக்க வேண்டிய இடம் அது. மூத்தவளுக்கு அப்போது நாலு வயது. அந்தக் கணக்குப்படி அவளுக்கு 36 வயது ஆகும்போது லோன் முடியும். வட்டி ஏறும்போது தவணையை அப்படியே வைத்துக் காலத்தை நீட்டிவிடுவது வங்கிகளின் வழக்கம். வாடிக்கையாளர் சத்தம் போடமாட்டார் இல்லையா? அதை அப்படியே விட்டிருந்தால் அடுத்த ஏப்ரலில் மாத வட்டியே தவணையைத் தாண்டியிருக்கும். அதாவது மாதம் தவறாமல் கட்டிக்கொண்டே இருந்தும் கடன் வளர்ந்திருக்கும்.

நாங்கள் கிளைக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: "இப்போதைய வட்டியில் மீதி 231 மாதத்தில் முடிய வேண்டுமென்றால் தவணை எவ்வளவு?" கணினியில் தட்டிப் பார்த்து 22,140 என்றார்கள். 23,000 ஆக்கித் தரும்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். மாதம் கிட்டத்தட்ட நாலாயிரம் கூடுதல் என்பது சிரமம்தான். கேபிள் இணைப்பு போனது, ஜங்ஷனில் ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் சாப்பாடு போனது. அதைப் பெரிய தியாகமாகப் பேச ஒன்றும் இல்லை.

இப்போது லோன் வைத்திருக்கிறவர்களுக்கு இதில் ஒரு பிடிமானம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதுவரை பிடித்த அசல், வட்டி, தவணைத் தொகை, மீதித் தவணை எண்ணிக்கை எல்லாம் போட்ட அறிக்கை தர வேண்டும். கேட்டால் கிடைக்கும். கேட்காதவர்களுக்கு எஸ்.எம்.எஸ். வரும், அதை யாரும் படிப்பதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2025 பிப்ரவரியிலிருந்து ரெப்போ படிப்படியாக இறங்கியது. அப்போது "தவணையைக் குறைத்துத் தரட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏறும்போது தவணையும் ஏறட்டும், இறங்கும்போது மாதம் இறங்கட்டும். எங்கள் வீட்டில் இதற்கு மேல் கொள்கை எதுவும் கிடையாது.

வருடத்துக்கு ஒரு ஏற்று

ஒவ்வொரு ஏப்ரலிலும் சம்பளம் கூடியதும் தவணையில் 1,500 ரூபாய் கூட்டுகிறோம். இப்போது 27,500. கூடின சம்பளம் கைக்குப் பழகுவதற்கு முன்னால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஜூன் வரை தள்ளினால் பள்ளிக்கூட ஃபீஸ் தின்றுவிடும்.

இதன் பலம் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. 25 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம் என்று ஒரு லோனை எடுத்துக்கொள்வோம். தவணை 21,696. மொத்தம் கட்டுவது 52 லட்சத்துச் சொச்சம், அதில் வட்டி மட்டும் 27 லட்சம். இதே லோனில் வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் மூன்றரை வருடம் முன்னதாக முடியும். வருடா வருடம் தவணையை 5 சதவீதம் கூட்டிக்கொண்டே போனால் 12 வருடத்துக்கு மேல் இரண்டு மூன்று மாதத்தில் கணக்கு தீர்ந்துவிடும்.

வேறு வங்கியிலிருந்து தவணை பிடிக்கிறார்கள் என்றால், நீங்கள் ஆரம்பத்தில் கையெழுத்துப் போட்ட அனுமதிப் படிவத்தில் உச்சத் தொகை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் புதுப் படிவம் வேண்டும். இல்லாவிட்டால் தவணை திரும்பிப்போய் அபராதம் விழும்.

மொத்தமாகக் கட்டும்போது

தனிநபர் பெயரில் உள்ள மிதக்கும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது 2012-லிருந்தே வங்கிகளுக்கு உள்ள விதி. பாதி கட்டினாலும் சரி, முழுதாக முடித்தாலும் சரி. நிலையான வட்டி லோன் என்றால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும்.

பணத்தைக் கட்டுவதை விட, அது எங்கே போய் உட்கார்ந்தது என்று பார்ப்பதுதான் முக்கியம். ஒரு தீபாவளிக்கு 40,000 ரூபாய் கட்டினோம். மறுமாதம் தவணை பிடிக்கவில்லை. என்னவென்று பார்த்தால், அதை அட்வான்ஸ் தவணையாக வரவு வைத்திருந்தார்கள். அசல் ஒரு ரூபாய் கூடக் கூடுதலாகக் குறையவில்லை. வங்கியின் பெயர் வேண்டாம், எந்தக் கிளையிலும் நடக்கக்கூடியதுதான். மறுபடி எழுதிக் கொடுத்து, பழைய தேதியிலேயே அசலுக்கு மாற்றி வாங்கினோம். அன்றிலிருந்து ஆன்லைனில் கட்டினாலும் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுவேன். இதுதான் அந்த வாசகம், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"எனது வீட்டுக் கடன் கணக்கில் இன்று செலுத்தியுள்ள ரூ. ______ முழுவதையும் அசலில் வரவு வைத்து, மாதத் தவணைத் தொகையை மாற்றாமல், தவணைக் காலத்தை மட்டும் குறைத்து, திருத்திய தவணை அட்டவணையை அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்."

'தவணைத் தொகையை மாற்றாமல்' என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். சில இடங்களில் தானாகவே தவணையைக் குறைத்துவிடுவார்கள். மாதம் எண்ணூறு ரூபாய் மிச்சம் என்று நமக்கும் சந்தோஷமாக இருக்கும், ஆனால் லோன் முடியும் தேதி நகரவே நகராது.

எப்போது கட்டுவது? பணம் வந்த அன்றைக்கே. பெரும்பாலான வங்கிகளில் வட்டி தினசரி மீதிக்குக் கணக்கிடப்படுகிறது. சில வீட்டுக் கடன் நிறுவனங்கள் மாதக் கணக்கு வைத்திருக்கின்றன. அங்கே எந்தத் தேதிக்குள் கட்டினால் இந்த மாத வட்டி குறையும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேர்த்து வைத்து ஒரு லட்சமாகக் கட்டலாம் என்று காத்திருப்பதில் லாபம் இல்லை. சேமிப்புக் கணக்கில் கிடக்கும் பணம் யாருடைய கண்ணிலாவது பட்டுவிடும்.

சீக்கிரம் கட்டினால் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு அதே 25 லட்சக் கணக்கு. லோன் வாங்கிய உடனே ஒரு லட்சம் அசலில் கட்டினால் கடைசியில் 23 தவணை குறைகிறது, அதாவது ஐந்து லட்சம். அதே ஒரு லட்சத்தை 15 வருடம் கழித்துக் கட்டினால் குறைவது 7 தவணைதான், ஒன்றரை லட்சம். "பிள்ளைகள் கொஞ்சம் பெரிதாகட்டும், பிறகு அடைக்கலாம்" என்பவர்களிடம் நான் இந்த இரண்டு எண்களைத்தான் சொல்வேன்.

பணம் எங்கிருந்து வருகிறது

எங்களுக்கு வருடத்தில் மூன்று வரவு. ஐப்பசியில் வீட்டுக்காரருக்குத் தீபாவளி போனஸ். மாசி, பங்குனியில் சேரன்மகாதேவி பக்கம் மாமா வயலின் பாட்டப் பணம். பிசான நெல் அறுத்து முடிந்ததும் எங்கள் பங்கு கைக்கு வரும். பாபநாசம் அணையில் தண்ணீர் இருந்து கார் பருவ நெல் சாகுபடியும் நடந்த வருடம் என்றால் புரட்டாசியில் இன்னும் கொஞ்சம் வரும், அதை நம்பிக் கணக்குப் போடுவதில்லை. மூன்றாவது என் ஊசி.

ஆரி வேலைக்கு நான் வைத்திருக்கும் ஏற்பாடு இது. சாதாரண பிளவுஸ் தையல் கூலி வீட்டுச் செலவுக்கு. முகூர்த்தப் பிளவுஸ் கூலி முழுக்க லோனுக்கு. கழுத்திலும் கையிலும் ஜர்தோசி, கல், மணி எல்லாம் வைத்து வேலை செய்த கல்யாணப் பிளவுஸுக்கு 2,500-லிருந்து வாங்குகிறேன். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிள்ளைகள் தூங்கின பிறகு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் பதினொன்றரை வரை ஓடும். அதற்கு மேல் போனால் மறுநாள் கழுத்து திரும்பாது, தையலும் கோணும். கூலி வாங்கும் க்யூஆர் அட்டை இரண்டு வைத்திருக்கிறேன், இரண்டும் வேறு வேறு கணக்கு. கல்யாணப் பிளவுஸ்காரர்களுக்குக் காட்டும் அட்டை, லோன் இருக்கிற வங்கியின் கணக்கோடு சேர்ந்தது. ஆவணி, தை, வைகாசியில் அதில் நன்றாகச் சேரும். ஆடியும் மார்கழியும் காற்று வாங்கும், அந்த மாதங்களில் லோனுக்கு ஒன்றும் போகாது. பரவாயில்லை. மாதாமாதம் இவ்வளவு என்று தனக்குத்தானே கெடு வைத்துக்கொண்டால் ஒரு மாதம் தவறியதும் மனசு விட்டுப்போகும். வருடத்துக்கு ஒன்றரை லட்சம் என்று வைத்திருக்கிறோம், அது எந்த மாதம் வந்தால் என்ன?

நகைச்சீட்டுதான் வீட்டில் கொஞ்சம் சூடான விஷயம். மாதம் மூவாயிரம் நகைச்சீட்டு கட்டிக்கொண்டிருந்தேன். அது முடிந்ததும் புதுச்சீட்டு போடவில்லை என்றதும் அத்தை விடவில்லை.

"ஏளா, நகையில போட்டா கழுத்துல கெடக்கும். பேங்குல கொண்டு கொடுத்தா என்ன மிச்சம்? ரசீதுதான் மிச்சம்."

"அத்தை, வீடு நம்ம பேருக்கு வரணும்லா?"

"வீடு எங்கயும் ஓடிருமாக்கும்? பொட்டப்பிள்ள இருக்கு, நெனப்பிருக்கட்டும்."

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தங்கம் இத்தனை விலை ஏறியிருக்கும்போது எதிர்த்துப் பேச என்னிடம் பெரிய கணக்கு இல்லை. கடைசியில் வருடத்துக்கு ஒரு கிராம் நாணயம் வாங்கிவிடுவது என்று முடிவானது. கூட்டுக்குடும்பத்தில் லோன் அடைப்பது என்றால் இந்தப் பேச்சுவார்த்தையும் அதில் சேர்த்திதான். பெரியவர்களை வெட்டிப் பேசிவிட்டு மிச்சம் பிடிக்கும் மூவாயிரம் வேறு வழியில் போய்விடும்.

தொடக் கூடாத பணம்

நாலு மாதத் தவணையும் வீட்டுச் செலவும் சேர்ந்த தொகை ஒரு வைப்பில் எப்போதும் கிடக்க வேண்டும். கம்பெனியில் ஷிஃப்ட் குறைத்தாலோ, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு இரவில் ஓட வேண்டி வந்தாலோ, வங்கியில் கட்டின பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடனில் மட்டும் உபரியாகப் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கலாம், ஆனால் வட்டி கொஞ்சம் கூட இருக்கும். வியாபாரம் செய்கிறவர்களுக்கு அது நல்லது. எங்களைப் போலச் செலவுக்குக் கை நீளும் ஆட்களுக்கு ஆகாது.

கிரெடிட் கார்டு பாக்கி, பர்சனல் லோன், வட்டிக்கடைக் கடன் எதுவும் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். வீட்டு லோன்தான் இருப்பதிலேயே மலிவான கடன். சம்பாதிக்கிறவர் பெயரில் ஒரு டேர்ம் இன்சூரன்ஸ், குடும்பத்துக்கு ஒரு மெடிக்கல் இன்சூரன்ஸ், இந்த இரண்டின் பிரீமியத்திலும் கை வைக்காதீர்கள். பாப்பாவின் செல்வமகள் கணக்கையும் நாங்கள் நிறுத்தவில்லை. அதற்கு 8.2 சதவீதம், வரியும் கிடையாது. அங்கிருந்து எடுத்து இங்கே கட்டுவதில் அர்த்தம் இல்லை.

"வரிச் சலுகை போய்விடுமே" என்று ஆபீஸில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். பழைய வரி முறையில் இருந்தால் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வட்டியில் வருடம் 2 லட்சம் வரை கழிக்கலாம், அசலுக்கு 1.5 லட்சம் உச்சவரம்புக்குள் இடம் உண்டு. புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டுமே இல்லை. புதிய முறையில் 2025-26 நிதியாண்டிலிருந்து 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே வராது என்பதால் எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பழைய முறையில் இருக்கிறவர்களும் ஒன்று யோசிக்கலாம்: இருபது காசு வரி மிச்சம் பிடிக்க ஒரு ரூபாய் வட்டி கட்டுகிறோம்.

மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் இதைவிட அதிகம் வரும் என்பார்கள். வரலாம். நிதானமாக இருபது வருடம் தொடாமல் வைத்திருக்கும் மனசு இருந்தால் போடுங்கள். எனக்கு மீதி மாதம் குறைவதைப் பார்த்தால்தான் தூக்கம் வருகிறது.

வேறு வங்கிக்கு மாற்றுவது பற்றி: அரை சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்து, லோன் பாதியாவது மீதி இருந்தால் மட்டும் யோசியுங்கள். பிராசஸிங் கட்டணம், சட்டக் கருத்துக் கட்டணம், மறுபடி பத்திர ஒப்படைப்புப் பதிவு என்று கையை விட்டுப் போகும். அதற்கு முன்னால், இப்போதைய வங்கியிலேயே புது வாடிக்கையாளர்களுக்கு என்ன வட்டி என்று பாருங்கள். நம் வட்டி கூட இருந்தால் சின்னக் கட்டணம் வாங்கிக்கொண்டு குறைத்துத் தருவார்கள். கேட்டால்தான் தருவார்கள்.

கடைசித் தவணைக்குப் பிறகு

இதை என் மைனி வீட்டு லோனை முடித்தபோது கூடவே அலைந்து தெரிந்துகொண்டேன். பணம் கட்டி முடித்த சந்தோஷத்தில் ஆளுக்கொரு அல்வாப் பொட்டலத்தோடு வீடு திரும்பிவிடக் கூடாது.

கட்டுவதற்கு முன்னால், எந்தத் தேதிக்கு எவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்ற கடிதத்தை வாங்குங்கள். கட்டிய பிறகு பாக்கி இல்லை என்ற சான்றும், லோன் வாங்கும்போது கொடுத்த பத்திரங்களும் திரும்ப வர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் உள்ள விதிப்படி 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் தந்துவிட வேண்டும். வங்கியின் பக்கம் தாமதம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும். லோன் வாங்கிய அன்று கொடுத்த பத்திரப் பட்டியலை எடுத்துக்கொண்டு போய், கிரையப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், பட்டா, வரைபடம் என ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பக்கங்களையும் எண்ணிவிடுங்கள். மைனி எண்ணினபோது ஒரு தாய்ப் பத்திரம் பட்டியலில் இருந்தது, கவரில் இல்லை. வேறொருவருடைய கவருக்குள் இருந்ததைத் தேடி எடுத்துத் தர அரை நாள் ஆனது.

தவணை பிடிக்கும் அனுமதியை ரத்து செய்யச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்குகள் இருந்தால் திரும்ப வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து, நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் லோன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

பலரும் விட்டுவிடுவது பதிவு வேலையை. நம் ஊரில் வங்கியில் பத்திரம் ஒப்படைத்ததை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருப்பார்கள், எம்.ஓ.டி. என்பார்கள். கடன் தீர்ந்ததும் வங்கி அதிகாரியை வரவழைத்து அதற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்தால்தான் அந்த வில்லங்கம் நீங்கும். அதிகாரி எந்தக் கிழமை பதிவுக்கு வருவார் என்று கிளையில் முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டு டோக்கன் போடுங்கள். பதிவு முடிந்து கொஞ்ச நாளில் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டு, ஒப்படைப்பு ஆவண எண்ணுக்கு எதிராக ரசீது ஆவண எண்ணும் வந்திருக்கிறதா, சர்வே எண்ணும் பெயரும் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் திருத்த மனுவை அப்போதே கொடுத்துவிடுங்கள், விற்கும்போதோ பிள்ளைகளுக்கு எழுதும்போதோ அந்த எழுத்துப் பிழை பெரிய அலைச்சலாகும்.